மூடியை எங்கள் முன்னால் கழற்றுங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் தம்பிகளுக்கு,

நான் சிவகாசியில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறவள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ், ஆடி பிறந்தால் காலண்டர். இருபது வருஷமாக சிபியுவை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு உங்கள் கடை வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள். தம்பிகள் என்று எழுதியதற்குத் தங்கைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்க்ரூடிரைவரோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற சர்வீஸ் கடையை எங்கள் ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை.

என் கம்ப்யூட்டர் 2014-ல் அசெம்பிள் செய்து வாங்கியது. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். 2019-ல் காலண்டர் வேலை கூடியது. போட்டோஷாப்பையும் கோரல்டிராவையும் சேர்த்துத் திறந்தால் மவுஸே நகரவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ரேம் ஏத்தணும் தம்பி, எட்டாக்கிக் குடுங்க" என்றேன். மறுநாள் மாலை ரெடி. விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் கணக்கு: ரேம் 3,200, சர்வீஸ் 200. போட்டுக் காட்டினார்கள், திரையில் 8 ஜிபி என்று வந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஆறு வருஷம் ஓடியது. போன வருஷம் ஆனி மாதம், காலண்டர் மாதிரி ஆல்பம் போட ஆட்கள் வரத் தொடங்கிய நேரம், மெஷின் மறுபடி படுத்துவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று புது ஆல்பம் வெளியாக வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஒரு நாள் தள்ளிப்போனால் ஆர்டர் வேறு வீட்டுக்குப் போய்விடும். இந்த முறை வேறு கடை. அந்தத் தம்பி பொத்தானை அழுத்தினார், விண்டோஸ் வரும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்பப் பழசுக்கா. விண்டோஸ் பதினொண்ணு இதுல ஏறாது. புதுசு போட்டுருங்க, நாப்பத்தஞ்சுல முடிச்சுத் தர்றேன்." சிபியுவின் மூடியை அவர் தொடக்கூட இல்லை.

திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கிறாள். பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள். பவர் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். கேபினட்டின் தகரத்தைத் தொட்டுக்கொண்டாள். உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் ரேமைக் கெடுத்துவிடுமாம். பிறகு மூடியைக் கழற்றினாள். உள்ளே ரேம் செருக இரண்டு ஸ்லாட். ஒன்றில் 8 ஜிபி. இன்னொன்றில் தூசி, விரல் கனத்துக்கு. "இதுல எப்பவுமே ஒண்ணும் இல்லையா அத்தை?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2019-ல் என்னிடம் ஒரு 4 ஜிபி இருந்தது. பக்கத்தில் இன்னொரு 4-ஐச் செருகியிருந்தால் பாதிச் செலவில் எட்டு ஆகியிருக்கும். நடந்தது என்னவென்றால், என்னுடையதைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே 8 போட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஸ்லாட் ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கழற்றியது எங்கே போனது என்று எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

ஒரே 8-ஆகப் போட்டது நல்லதுதானே, பின்னால் இன்னொரு 8 போட இடம் இருக்குமே என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் பழைய 4-ஐ அந்த இரண்டாவது ஸ்லாட்டில் விட்டிருக்கலாம், எனக்கு 12 ஆகியிருக்கும். வேறு வேறு கம்பெனி ரேம் சில நேரம் ஒத்துப்போகாது, மெஷின் தொங்கிவிடும் என்பீர்கள். அதுவும் நடக்கிறதுதான். அப்படியென்றால் "இது சேரலக்கா, இந்தாங்க உங்க ரேம்" என்று ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்திருக்கலாம். தையல்காரரிடம் மிச்சத் துணியைக் கேட்டு வாங்குகிற ஊர் இது. மிக்ஸி பிளேடு மாற்றினால்கூடப் பழைய பிளேடைத் தாளில் சுற்றித் தருகிறார்கள். உங்கள் கடையில் மட்டும் கழற்றியதெல்லாம் கடைக்கே என்பது எப்போது வழக்கமானது?

அந்த ஸ்லாட் காலியாகக் கிடந்ததில் எனக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. அதை அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் போர்டு ரேமிலிருந்து இரண்டு வழியாகத் தரவை வாங்கத் தெரிந்தது. டிடிஆர்3 1600 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி வரை வரும். ஜோடியாக இரண்டு போட்டால் 25.6. இதனால் டைப் அடிப்பது இரண்டு மடங்கு வேகமாகிவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் என் மெஷினில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. திரையில் படம் வரைவதற்கான நினைவகமும் இந்த ரேமிலிருந்துதான் போகிறது. ஆறு காலண்டர் சீசன், ஒரு வழியை அடைத்து வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

என் வேலை எவ்வளவு ரேம் தின்னும் என்பதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விரல்விட்டுச் சொல்லியிருப்பேன். ஏ3 அளவு காலண்டர், 300 டிபிஐ, நாலு கலர். குறுக்கே 3,508 புள்ளி, நெடுக்கே 4,961. புள்ளிக்கு நாலு பைட் என்றால் ஒரு லேயருக்கே கிட்டத்தட்ட 70 எம்பி. முருகன் ஒரு லேயர், மயில் ஒரு லேயர், பின்னால் மலை, மேலே மேகம், கீழே கடைப் பெயர் என்று இருபது லேயர் ஆனால் ஒரே படத்துக்கு 1.4 ஜிபி. வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்துகொண்டு, "போன வருஷ டிசைனையும் திறங்க, பக்கத்துல வச்சுப் பார்ப்போம்" என்பார். விண்டோஸ் தனக்கு இரண்டு மூன்று ஜிபி எடுத்துக்கொள்ளும். நாலு ஜிபி எந்த மூலைக்கு?

என் அப்பா அச்சுக்கோர்க்கிறவர். எழுத்துப் பெட்டி கையெட்டுகிற தூரத்தில் இருந்தால் பார்க்காமலே ஈய எழுத்தை எடுத்துக் கோர்ப்பார். எழுத்து தீர்ந்துபோய்ப் பின்கட்டு குடோனுக்கு ஆள் அனுப்ப வேண்டி வந்தால், அன்று அந்த அச்சுப் பக்கம் முடியாது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் செய்வதும் அந்தக் குடோன் நடைதான். இடமில்லாததை ஹார்டுடிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது போய் எடுத்துவருகிறது. சுற்றுகிற டிஸ்க்கில் ஓர் இடத்தைத் தேடிப் போகவே பத்து மில்லிநொடி அளவில் ஆகும். ரேமில் அதே வேலை ஒரு மில்லிநொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கேபினட்டில் டிஸ்க்குக்கான சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்ததன் பொருள் இதுதான். நான் அதை வைரஸ் என்று நினைத்து இரண்டு முறை ஃபார்மட் அடித்தேன். உங்களில் ஒருவர்தான் அடித்துக் கொடுத்தார், தலா 500 ரூபாய்.

அந்தப் பெண் அன்று செய்தது மிகச் சின்ன வேலை. நான் வழக்கமாகத் திறக்கிற ஃபைல்களை எல்லாம் திறக்கச் சொன்னாள். டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்துக்குப் போனாள். 94 சதவீதம். கீழே, இரண்டு ஸ்லாட்டில் ஒன்று பயன்பாட்டில் என்று அதிலேயே போட்டிருந்தது. மூடியைக் கழற்றாமலே பார்த்திருக்கலாம்! டிஸ்க் வரிசை 100 சதவீதத்தில் முட்டி நின்றது. "ரெண்டும்தான் அத்தை" என்றாள். ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி, ஹார்டுடிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி. ஆறாயிரத்துக்குள் முடிந்தது. 16 ஜிபிக்கு மேல் இந்த போர்டு ஏற்காது என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். அந்த ஆடிக்கு ஆல்பம் நேரத்துக்குப் போனது.

நாற்பத்தைந்தாயிரம் சொன்ன தம்பி பொய் சொன்னார் என்று நான் எழுதவில்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், என்னுடையது நாலாவது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு நின்றதும் உண்மை. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்திருக்கிறார்கள்; அதுவரை தள்ளுவேன், பணம் கட்டுவதைக் கைபேசியில் வைத்துக்கொள்வேன், அதற்குள் புதியதற்குச் சீட்டுப் பிடித்துவிடுவேன். இதையெல்லாம் கணக்குப் போட்டு முடிவெடுக்க வேண்டியவள் நான். இரண்டு வழியையும் என் முன்னால் வைத்திருந்தால் போதும். ஒரு வழி மட்டுமே இருப்பதுபோலச் சொன்னதுதான் வலிக்கிறது.

இனி எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடை பிளாஸ்டிக் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்த நேரம் கொஞ்சமல்ல. ஒருநாள் ஒரு பெரியவர் சிபியுவோடு வந்தார். பவர் போட்டால் நீளமாக பீப் பீப் என்று கத்துகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கடைத் தம்பி மூடியைக் கழற்றினார், ரேமை உருவினார், பையன்கள் பென்சிலுக்கு வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் அதன் தங்கநிறப் பற்களைத் தேய்த்தார், இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழுகிற மாதிரி திரும்பச் செருகினார். படம் வந்துவிட்டது. முந்நூறு ரூபாய் கேட்டார். "ரப்பர்ல தேய்ச்சதுக்கா முந்நூறு?" என்று பெரியவர் சண்டைக்கு வந்துவிட்டார். நூறு கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தம்பியின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கே தேய்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்!

நாங்கள் பொருளுக்குத்தான் காசு தருகிறோம். தெரிந்ததைச் சொன்னதற்குத் தருவதில்லை. "சும்மா பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்கிறோம். ஆன்லைனில் மலிவாக ஒரு ரேமை வாங்கிக்கொண்டு வந்து, "செருகி மட்டும் குடுங்க" என்கிறோம். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் எங்கள் தெருவில் அப்படித்தான் டிடிஆர்4 வாங்கி வந்தார். அவர் போர்டோ டிடிஆர்3. நடுவில் இருக்கிற பள்ளம் பொருந்தவே பொருந்தாது, பற்களின் எண்ணிக்கையே 240-க்கும் 288-க்கும் வித்தியாசம். "நல்லா அழுத்துப்பா" என்று அவர் பிடிவாதம் பிடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஸ்லாட் உடைந்திருந்தால் பழி உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஆகவே உங்கள் கூலி வேறு எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. ரேம் விலையில் இருநூறு ஏறுகிறது. கழற்றிய ரேம் மேஜை டிராயருக்குள் போகிறது. ஆறாயிரத்து வேலைக்குப் பதில் நாற்பத்தைந்தாயிரத்து வேலை வாயில் வருகிறது, ஏனென்றால் அதில்தான் கையில் ஏதாவது நிற்கும். இதை எழுத எனக்கு முழு யோக்கியதை கிடையாது. பத்திரிகை டிசைனுக்குக் காசு கேட்கக் கூச்சப்பட்டு, அச்சுக் கூலியில் நூறு இருநூறைச் சேர்த்துப் போட்டவள்தான் நானும். "டைப் அடிக்கத்தானே?" என்று கேட்கிறவர்களிடம் வேறு எப்படிப் பிழைப்பது என்று அப்போது தோன்றியது. இரண்டு வருஷமாக 'டிசைன் 400, அச்சு தனி' என்று சுவரில் ஒட்டிவிட்டேன். முதலில் நாலைந்து பேர் முறைத்தார்கள். இப்போது பேசாமல் கொடுக்கிறார்கள்.

நீங்களும் அப்படி ஒட்டுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். 'பார்த்துச் சொல்ல 200 ரூபாய்.' கொட்டை எழுத்தில். நான் தருகிறேன், தராதவரைத் திருப்பி அனுப்புங்கள். அந்த இருநூறுக்கு நீங்கள் செய்ய வேண்டியது, மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பி, எங்கள் வேலையையே திறக்கச் சொல்லி, மெமரியும் டிஸ்க்கும் எங்கே நிற்கிறது என்று காட்டுவது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டுகிறாரே, அந்த மாதிரி. மெமரி பாதிகூட நிரம்பாதபோது டிஸ்க் மட்டும் முட்டுகிறதென்றால் "ரேம் வேண்டாம்க்கா, எஸ்எஸ்டி போடுங்க" என்று சொல்லுங்கள். ரேமை விற்காமல் அனுப்பியதற்காக நான் இன்னும் பத்துப் பேரை உங்களிடம் அனுப்புவேன். இரண்டுமே சாதாரணமாக இருந்தால் ஃபேனில் அடைத்திருக்கிற பஞ்சை ஊதிவிட்டு அனுப்புங்கள்.

மூடியை எங்கள் முன்னால் கழற்றுங்கள். நாங்கள் சந்தேகப்படுகிறோம் என்று நினைக்காதீர்கள். உள்ளே எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த முறை நாங்கள் கேட்கிற கேள்வி ஒழுங்காக இருக்கும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற என் சிநேகிதிக்கு 8 ஜிபி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளுக்காக அவள் மெஷினில் 32 பிட் விண்டோஸ்தான் இருந்தது. அது 4 ஜிபிக்கு மேல் கண்டுகொள்ளாது. அவளுக்குக் கையில் கிடைத்தது மூன்றேகால் ஜிபி. மீதி ரேம் அவள் போர்டில் தண்டத்துக்குக் குத்தவைத்திருந்தது. செருகுவதற்கு முன் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

பில் கொடுங்கள். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் வேண்டாம். டிடிஆர் எத்தனை, எத்தனை ஜிபி, என்ன வேகம், எந்தக் கம்பெனி, புதியதா பழையதா, சீரியல் நம்பர் என்ன என்று அதில் இருக்கட்டும். பழையதைப் பழையது என்று சொல்லி விற்றால் நான் வாங்கிக்கொள்வேன். டிடிஆர்3-க்கு இப்போது அதுதான் அதிகம் கிடைக்கிறது. பல கம்பெனிகள் ரேமுக்கு நீண்டகால வாரண்டி தருகின்றன. பில் இல்லாமல் அது கிடைக்காது. பில் கொடுக்காமல் இருப்பதை 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. உங்களை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு வேண்டியது கேஸ் இல்லை, அந்தத் துண்டுத் தாள்.

கழற்றியதைத் திருப்பிக் கொடுங்கள். நீங்களே எடுத்துக்கொள்வதாக இருந்தால் விலை சொல்லிக் கழியுங்கள். ஐம்பது ரூபாய் என்றாலும் சரி. இதை இப்போது அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் உலகத்து ரேமையெல்லாம் வளைத்துப் போடுவதால் கடையில் விலை எப்படி ஏறியது என்று எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுக்காரர்கள் வாங்குகிற க்ரூஷியல் ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. புது மெஷின் விலை இப்படி எட்டாத உயரத்துக்குப் போகிற நேரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிற ஒரு வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டரில் இன்னொரு 4 ஜிபி என்பது இரண்டு வருஷ ஆயுசு. அது யார் டிராயரில் கிடக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவு கேட்டுவிட்டு வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். கேபினட்டின் உள்பக்கம் ஒட்டுகிற மாதிரி ஒரு ஸ்டிக்கர். போர்டு பெயர், ரேம் வகை, மொத்த ஸ்லாட், காலி ஸ்லாட், அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏறும், கடைசியாக மாற்றிய தேதி, கழற்றியதைத் திருப்பிக் கொடுத்தோமா. மேலே உங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் வர இடம் விட்டிருக்கிறேன். ஒரு ஏ4 தாளில் பன்னிரண்டு வருகிறது. முதல் நூறு தாள் என் செலவு. பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள், மூன்று நாளில் அடித்துத் தருகிறேன். ஆடிக்கு முன்னால் வந்தால் நல்லது, பிறகு எனக்கு நேரம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் டிடிபி அக்கா
சிவகாசி